பள்ளி எல்லை மாறுகிறது என்று கடிதம் வந்தால்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை



அக்டோபர் பிறந்து ஜனவரி முடியும்வரை எங்கள் ஆலோசனை மேசைக்கு ஒரே மாதிரியான ஒரு கடிதம் வந்துகொண்டிருக்கும். கவுன்சிலோ பள்ளியோ அனுப்பியிருக்கும். சில சமயம் கூடவே ஒரு வரைபடமும் இருக்கும். அதில் தெருக்களுக்கு நடுவே பழைய கோடு ஒன்று, புதிய கோடு ஒன்று. ‘பள்ளிச் சேர்க்கை விதிகளை மாற்ற உத்தேசித்திருக்கிறோம், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்’ என்பதுதான் கடிதத்தின் சாரம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பெற்றோர், முக்கியமாக தாமுவே, மிங்கலா டவுங்ஞுன் போன்ற ரங்கூன் பகுதிகளிலிருந்து புதிதாக வந்திருக்கும் நம் குடும்பங்கள், மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்.

“பிள்ளையை இந்தப் பள்ளியை விட்டு அனுப்பிடுவாங்களா?” அனுப்ப மாட்டார்கள்.

“இதுக்குப் பதில் எழுதினா நம்ம கேஸுக்கு ஏதாவது ஆகுமா?” பள்ளி எல்லை பற்றிக் கருத்துச் சொல்வதற்கும் உங்கள் தஞ்சக் கோரிக்கைக்கும் சம்பந்தம் இல்லை.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாமா வீட்டு விலாசத்தைக் கொடுத்துடலாமா?” கொடுக்கவே கூடாது.

இந்த மூன்று பதில்களுக்கும் காரணம் என்ன என்பதைக் கீழே விளக்குகிறேன். கடைசியில் நீங்கள் செய்ய வேண்டியவை தனியாகக் கொடுக்கப்பட்டுள்ளன. இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு. கிளாஸ்கோவில் வீடு கொடுக்கப்பட்டவர்கள் அங்குள்ள ஆலோசனை நிலையத்தில் கேட்டுக்கொள்ளவும்.

ஊரில் எப்படி இருந்தது?

ஊரில் அரசுப் பள்ளிகளுக்கு எண்ணும் டவுன்ஷிப் பெயரும்தான் பெயர். 1965 வாக்கில் தனியார் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆனபோது பழைய பெயர்கள் போய் எண்கள் வந்தன. பழைய மெதடிஸ்ட் ஆங்கிலப் பள்ளி டகோன் 1-ஆம் எண் பள்ளி ஆனது அப்படித்தான். பள்ளியில் சேர்க்கப் போனால் முதலில் கேட்பது குடும்பப் பட்டியல், அதாவது 66/6 படிவம். அதில் பிள்ளையின் பெயர் எந்த வீட்டில் இருக்கிறதோ அதுதான் பிள்ளையின் ஊர். பேர்போன பள்ளியில் இடம் வேண்டும் என்பதற்காகச் சொந்தக்காரர் வீட்டுப் பட்டியலில் பிள்ளையின் பெயரைச் சேர்த்துவிடுவது ஊரில் பலர் செய்த காரியம். அதை யாரும் பெரிய குற்றமாக நினைத்ததில்லை. நான் தாமுவேயில் பாடம் நடத்திய காலத்தில் அப்படி வந்த பிள்ளைகளை நானும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், வீட்டில் இரவு தங்கும் விருந்தாளியைக்கூட வார்டு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற பழைய விதி திரும்பவும் வந்தது. ‘இந்த வீட்டில் யார் இருக்கிறீர்கள்?’ என்று கேட்கும் எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

இந்த இரண்டு பழக்கங்களும் நம்மோடு விமானம் ஏறி வந்துவிட்டன. ஒன்று, விலாசத்தை வளைப்பது. இன்னொன்று, அரசாங்கக் கடிதத்துக்குப் பதிலே சொல்லாமல் ஒதுங்கிவிடுவது. இங்கே இரண்டுமே பிள்ளைக்கு நஷ்டம்.

பள்ளி எல்லை என்றால் என்ன?

இங்கிலாந்தில் இதைக் ‘கேட்ச்மெண்ட் ஏரியா’ என்பார்கள். ஒரு பள்ளியைச் சுற்றி வரைபடத்தில் போட்ட கோடு. நம் ஆட்கள் பலர் இதை வேலி என்று நினைக்கிறார்கள். வேலிக்கு வெளியே இருந்தால் விண்ணப்பமே போட முடியாது என்று எண்ணிக்கொள்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இப்போது நடைமுறையில் இருப்பது 2021-ஆம் ஆண்டுப் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பு. எல்லை நியாயமானதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், எல்லைக்கு வெளியே இருக்கும் பெற்றோர் அந்தப் பள்ளியைக் கேட்பதை அது தடுக்கக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது.

அப்படியானால் கோடு எதற்கு? வரிசைக்கு. இடங்கள் குறைவாகவும் கேட்பவர்கள் அதிகமாகவும் இருக்கும்போது யார் முன்னே, யார் பின்னே என்று முடிவு செய்யத்தான் கோடு. இடம் மிச்சம் இருந்தால் கோட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்கும் கொடுத்தாக வேண்டும்.

வழக்கமான வரிசை இப்படி இருக்கும்:

1. சிறப்புக் கல்வித் தேவைத் திட்டத்தில் அந்தப் பள்ளியின் பெயர் எழுதப்பட்ட பிள்ளைகள்.
2. கவுன்சிலின் பராமரிப்பில் இருக்கும், அல்லது முன்பு இருந்த பிள்ளைகள்.
3. அண்ணன், அக்கா ஏற்கெனவே அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள்.
4. எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகள்.
5. மற்றவர்கள், தூரத்தின்படி.

3-ம் 4-ம் இடம் மாறியிருக்கலாம். சில பள்ளிகளில் எல்லைக்குள் இருக்கும் தம்பி தங்கைக்கு மட்டும்தான் முன்னுரிமை. மதம் சார்ந்த பள்ளிகளுக்குத் தனி விதிகள் உண்டு. ஆகவே ஒவ்வொரு பள்ளியின் விதியையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

கோடு போடாத எல்லை

லண்டனில் பல பள்ளிகளுக்கு வரைபடத்தில் கோடே கிடையாது. பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள நேர்க்கோட்டுத் தூரத்தைக் கணினியில் அளந்து, கிட்டே இருப்பவருக்கு முதலில் கொடுப்பார்கள். ஆனாலும் அங்கே ஓர் எல்லை இருக்கிறது, வருஷா வருஷம் அது தானாக மாறுகிறது. ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள்.

ஒரு பள்ளியில் 60 இடம். முதல் வருஷம் முன்னுரிமைப் பிள்ளைகள் 2, தம்பி தங்கைகள் 23. மிச்சம் 35 இடம். கிட்டே இருப்பவர்களுக்கு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால் கடைசிப் பிள்ளையின் வீடு 0.6 மைல் தூரத்தில் இருக்கிறது. அடுத்த வருஷம் தம்பி தங்கைகள் 30 பேர் வந்துவிட்டார்கள். மிச்சம் 28 இடம்தான். கடைசிப் பிள்ளையின் வீடு 0.4 மைலில் நின்றுவிடுகிறது. 0.5 மைலில் இருக்கும் குடும்பத்துக்கு முதல் வருஷம் கிடைத்திருக்கும், அடுத்த வருஷம் கிடைக்காது. யாரும் கோட்டை அழித்து எழுதவில்லை. வீடும் நகரவில்லை, பள்ளியும் நகரவில்லை.

“பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் போன வருஷம் கிடைச்சுதே” என்று சொல்லி ஒரே ஒரு பள்ளியின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். லண்டனில் 6 பள்ளிகள் வரை எழுதலாம், மற்ற இடங்களில் குறைந்தது 3 எழுத இடம் தருவார்கள். நிஜமாகக் கிடைக்கக்கூடிய பக்கத்துப் பள்ளி ஒன்று அந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்கட்டும். அதைக் கீழே எழுதினால் மேலே உள்ள பள்ளிகள் கோபித்துக்கொள்ளாது. நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பதைப் பார்த்து இடம் கொடுக்கப் பள்ளிக்கு அனுமதி இல்லை.

கவுன்சில் எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்று என்று நினைப்பவர்களும் உண்டு. ஹாரோவில் இருப்பவர் பிரெண்ட் கவுன்சிலில் உள்ள பள்ளியைக் கேட்கலாம். வேறு கவுன்சில் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பின்னால் தள்ளக் கூடாது என்று 1989-ல் கிரீனிச் வழக்கில் தீர்ப்பானது. கேட்ச்மெண்ட் வைத்து முன்னுரிமை கொடுப்பது செல்லும் என்று 1997-ல் ராதர்ஹாம் வழக்கில் தீர்ப்பானது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இன்றைய நடைமுறை நிற்கிறது.

கனடாவில் மார்க்கம், ஸ்கார்பரோ பக்கம் உறவினர் இருப்பவர்கள் ஒன்று கவனிக்கவும். அங்கே ஒரு விலாசத்துக்கு இன்ன பள்ளி என்று பள்ளி வாரியமே ஒதுக்கி வைத்திருக்கும். இங்கே எல்லைக்குள் இருந்தாலும் நீங்கள் விண்ணப்பித்தால்தான் இடம். போனில் அவர்கள் சொல்வதை நம்பித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

கோட்டை ஏன் மாற்றுகிறார்கள்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, பிள்ளைகளின் எண்ணிக்கை. புதிய குடியிருப்புகள் கட்டப்பட்ட இடத்தில் பிள்ளைகள் பெருகுகிறார்கள். லண்டனின் உள்பகுதிகளிலோ வாடகை தாங்காமல் குடும்பங்கள் வெளியேறுவதாலும் பிறப்பு குறைந்ததாலும் வகுப்புகள் காலியாகின்றன. பிள்ளை எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் பள்ளிக்குப் பணம் வருகிறது. காலி வகுப்பு அதிகமானால் பள்ளியே மூடப்படும். ஹாக்னி கவுன்சில் 2024-ல் இரண்டு ஆரம்பப் பள்ளிகளை மூடியது, இன்னும் இரண்டை வேறு பள்ளிகளோடு இணைத்தது.

இரண்டாவது, ஒரு பள்ளி மூடினால் அல்லது புதிதாகத் திறந்தால் சுற்றியுள்ள பள்ளிகளின் எல்லைகளையும் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நியாயம். நல்ல பேர் எடுத்த பள்ளியைச் சுற்றி வீட்டு விலை ஏறும். வசதி உள்ளவர்கள் பக்கத்தில் வீடு வாங்குவார்கள். தூரத்தை மட்டும் பார்த்து இடம் கொடுத்தால் வசதி இல்லாதவர்களின் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். இதை மாற்ற முயன்ற ஊர்களில் முக்கியமானது பிரைட்டன். அதன் கதையைத் தெரிந்துகொண்டால் உங்கள் கையில் இருக்கும் கடிதமும் புரியும்.

பிரைட்டனில் நடந்தது

பிரைட்டன், ஹோவ் இரண்டும் சேர்ந்த கடற்கரை நகரம். நகரின் நடுவில் இருந்த உயர்நிலைப் பள்ளிகளுக்குப் போட்டி அதிகம். சில பகுதிகளில் இருந்தவர்களுக்கு எந்தப் பள்ளியுமே பக்கத்தில் இல்லை. தூரத்தை அளந்தால் எல்லா வரிசையிலும் அவர்களே கடைசி.

2007 பிப்ரவரியில் கவுன்சில் ஒரு முடிவு எடுத்தது. நகரத்தைக் கேட்ச்மெண்ட் பகுதிகளாகப் பிரிப்பது. சில பகுதிகளுக்கு ஒரு பள்ளி, சிலவற்றுக்கு இரண்டு பள்ளிகள். ஒரு பகுதிக்குள் பிள்ளைகள் அதிகமாகிவிட்டால் தூரத்தைப் பார்க்காமல் குலுக்கல் முறையில் இடம் கொடுப்பது. பெற்றோர் நடுவில் பெரிய சண்டை. கோட்டின் ஒரு பக்கம் சந்தோஷம், மறுபக்கம் ஊர்வலம். விஷயம் பள்ளிச் சேர்க்கை நடுவர் வரைக்கும் போனது. அவர் அதே ஆண்டு ஜூலையில் கவுன்சிலின் திட்டத்தை ஏற்றுக்கொண்டார். 2008 செப்டம்பரில் முதல் பிள்ளைகள் புதிய முறையில் சேர்ந்தார்கள்.

குலுக்கல் வந்தபின் எல்லாம் சமமாகிவிட்டதா? ஆகவில்லை. பின்னர் நடந்த ஆய்வில், வசதியான பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும் வேறு வேறு பள்ளிகளில் பிரிந்து படிப்பது குறையவில்லை என்று தெரிந்தது. காரணம் எளியது. குலுக்கல் நடந்தது கோட்டுக்குள்தான். கோட்டைப் போட்டபோதே யார் எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் முடிவாகிவிட்டது.

அதனால் அதே நகரம் மறுபடியும் விதிகளை மாற்றியது. 2025 செப்டம்பரில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து, இலவச மதிய உணவுக்குத் தகுதி உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட அளவுவரை முன்னுரிமை தரப்பட்டது. அடுத்ததாக, பக்கத்தில் ஒரே பள்ளி மட்டும் உள்ள பகுதிப் பிள்ளைகளுக்காக மற்றப் பள்ளிகளில் சில இடங்களைத் திறந்து வைக்கலாம் என்று யோசனை வந்தது. முதலில் 20 சதவீத இடங்கள் என்று பேசினார்கள். கருத்துக் கேட்பில் பெற்றோர் குவித்த பதில்களுக்குப் பிறகு அது 5 சதவீதம் ஆனது. 2025 பிப்ரவரியில் அதுவே 2026 செப்டம்பர் சேர்க்கைக்கு முடிவானது.

20 என்பது 5 ஆகிவிட்டது. நல்லதா கெட்டதா என்று நான் சொல்லப் போவதில்லை. அது நீங்கள் கோட்டின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆனால் எழுதியவர்களின் குரல் எண்ணிக்கையை மாற்றியது. எழுதாதவர்களின் குரல் எந்தக் கணக்கிலும் வரவில்லை. வாடகை வீட்டில் இருப்பவர், ஆங்கிலம் குறைவாகத் தெரிந்தவர், நாளை வேறு ஊருக்கு மாற்றப்படலாம் என்று இருப்பவர், இவர்கள்தான் பொதுவாக எழுதுவதில்லை. அதனால் கோடு அவர்களுக்குச் சாதகமாக விழும் வாய்ப்பும் குறைவு.

முடிவு எப்போது, எப்படி எடுக்கப்படுகிறது?

சேர்க்கைக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் முன்பே முடிவு எடுத்துவிடுவார்கள். 2028 செப்டம்பரில் சேரப்போகும் பிள்ளைக்கு இந்தத் தேதிகள்:

- 2026 அக்டோபர் 1 முதல் 2027 ஜனவரி 31-க்குள்: கருத்துக் கேட்பு. குறைந்தது 6 வாரம் நடக்க வேண்டும்.
- 2027 பிப்ரவரி 28-க்குள்: விதிகள் முடிவாகும்.
- 2027 மே 15-க்குள்: விதி சட்டத்துக்கு முரணானது என்று நினைத்தால் பள்ளிச் சேர்க்கை நடுவரிடம் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.
- 2027 அக்டோபர் 31: உயர்நிலைப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்.
- 2028 ஜனவரி 15: ஆரம்பப் பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள்.
- 2028 மார்ச் 1, ஏப்ரல் 16: முறையே உயர்நிலை, ஆரம்பப் பள்ளி முடிவுகள். அன்று விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலை நாள்.

மற்ற வருஷங்களுக்கும் இதே கணக்குதான். இங்கே கவனிக்க வேண்டியது, விண்ணப்பப் படிவம் கைக்கு வரும்போது கோடு முடிவாகிப் பல மாதம் ஆகியிருக்கும். அப்போது வருத்தப்பட்டுப் பயனில்லை. பிள்ளைக்கு மூன்று வயது, ஒன்பது வயது இருக்கும்போதே கவனிக்க வேண்டும்.

கருத்துக் கேட்பில் யாரைக் கேட்க வேண்டும் என்பதும் விதியில் இருக்கிறது. 2 முதல் 18 வயது வரை பிள்ளைகள் உள்ள பெற்றோர் அதில் முதலில் வருகிறார்கள். விசா, அகதி அந்தஸ்து எதுவும் அங்கே நிபந்தனை இல்லை. நீங்கள் பெற்றோர், அது போதும்.

ஏற்கெனவே படிக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்?

புதிய எல்லை புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குத்தான். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையை எல்லை மாறியதற்காக வெளியேற்ற முடியாது. நீங்கள் வீடு மாறினாலும் பிள்ளையின் இடம் போகாது.

சிக்கல் வருவது தம்பி தங்கைக்கு. அக்கா பள்ளியில் இருக்கிறாள், கோடு மாறி உங்கள் தெரு வெளியே போய்விட்டது, தம்பி அடுத்த வருஷம் சேர வேண்டும். அப்போது தம்பிக்கு முன்னுரிமை உண்டா என்பது அந்தப் பள்ளியின் விதியைப் பொறுத்தது. ‘பழைய எல்லையில் படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு முன்னுரிமை தொடர வேண்டும்’ என்று கருத்துக் கேட்பிலேயே கேளுங்கள். கேட்டதற்காகச் சில கவுன்சில்கள் கொடுத்ததும் உண்டு.

தூரமும் பார்க்க வேண்டும். கிடைக்கும் இடங்களில் மிகக் கிட்டே உள்ள தகுந்த பள்ளியே 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு 2 மைலுக்கு மேலும், 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு 3 மைலுக்கு மேலும் இருந்தால் கவுன்சில் இலவசப் போக்குவரத்து தர வேண்டும். இலவச மதிய உணவுக்குத் தகுதியான குடும்பங்களுக்கு இன்னும் கூடுதல் சலுகை உண்டு. செக்‌ஷன் 95 உதவி பெறும் குடும்பத்தின் பிள்ளைகள் இலவச உணவுக்குத் தகுதி உள்ளவர்கள். பள்ளியில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள். கூச்சம் வேண்டாம், பிரைட்டன் போன்ற இடத்தில் சேர்க்கைக்கே அது உதவுகிறது.

ஹோம் ஆபீஸ் வீடு மாற்றினால்?

நமக்கென்று உள்ள தனிக் கஷ்டம் இது. மற்றவர்கள் பள்ளியைப் பார்த்து வீடு எடுக்கிறார்கள். நமக்கு ஹோட்டலோ வீடோ அவர்கள் கொடுத்த இடம்தான். கோட்டின் எந்தப் பக்கம் என்று கேட்க வழியில்லை. ஆனாலும் சில உரிமைகள் இருக்கின்றன.

- ஹோட்டலில் இருந்தாலும் 5 முதல் 16 வயதுப் பிள்ளைக்குப் பள்ளி உண்டு. ‘நிரந்தர வீடு வந்தபின் வாருங்கள்’ என்று யாராவது சொன்னால் எங்களிடம் வாருங்கள். இப்போது இருக்கும் விலாசமே பிள்ளையின் விலாசம்.
- வருஷ நடுவில் சேர்க்க விண்ணப்பித்தால் 15 பள்ளி நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும்.
- எங்கும் இடம் கிடைக்காவிட்டால் ‘ஃபேர் ஆக்சஸ்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. தஞ்சம் கோருவோர், அகதிகளின் பிள்ளைகள் அதன் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறார்கள். கவுன்சிலிடம் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.
- காத்திருப்போர் பட்டியலில் முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது கிடையாது. வரிசை விதிப்படிதான். நீங்கள் பள்ளிக்குக் கிட்டே மாறினால் மேலே ஏறுவீர்கள். உங்களைவிடக் கிட்டே இன்னொருவர் வந்தால் கீழே இறங்குவீர்கள். புதிய விலாசத்தை உடனே தெரிவியுங்கள்.
- ஜி.சி.எஸ்.இ. போன்ற பொதுத் தேர்வின் கடைசி வருஷத்தில் இருக்கும் பிள்ளை, முந்தைய வருஷமும் பெரும்பகுதி அதே பள்ளியில் படித்திருந்தால், தேர்வு முடியும்வரை தூர ஊருக்கு மாற்றாதீர்கள் என்று கேட்கலாம். பள்ளியின் கடிதம் வேண்டும். மாற்றல் கடிதம் வந்த அன்றே எங்களிடம் வாருங்கள்.

கேட்ட இடம் மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யும் உரிமை எல்லாருக்கும் உண்டு, கட்டணம் இல்லை. அதற்குக் குறைந்தது 20 பள்ளி நாட்கள் தர வேண்டும். ஆனால் ஒரு வகுப்புக்கு 30 பேருக்கு மேல் கூடாது என்ற சட்டம் உள்ள முதல் மூன்று வகுப்புகளில் ஜெயிப்பது கஷ்டம்.

விலாசத்தில் விளையாட வேண்டாம்

ஊரில் குடும்பப் பட்டியலை மாற்றியதுபோல் இங்கேயும் செய்யலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து காது கொடுக்காதீங்க. பொய் விலாசம் கொடுத்து வாங்கிய இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பிள்ளை ஒரு மாதம் படித்து, நண்பர்கள் சேர்ந்தபின்கூட எடுப்பார்கள். கவுன்சில் வரிப் பதிவு, உதவித்தொகைக் கடிதம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

நம் தமிழர் நிறைய வாழும் ஹாரோவில் 2009-ல் கவுன்சில் ஒரு தாயின் மீது மோசடிச் சட்டத்தின் கீழ் வழக்கே போட்டது. தவறான விலாசம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு. அந்தச் சட்டம் இதற்குப் பொருந்துமா என்ற சந்தேகத்தில் பின்னர் வழக்கைக் கைவிட்டார்கள். பூல் என்ற ஊரில் 2008-ல் ஒரு குடும்பம் எல்லைக்குள் உண்மையில் வாழ்கிறதா என்று கவுன்சில் ஆள் வைத்து மூன்று வாரம் கண்காணித்தது. அந்தக் குடும்பத்தின்மேல் தப்பே இல்லை. அப்படிக் கண்காணித்தது சட்டவிரோதம் என்று 2010-ல் தீர்ப்பாயம் சொன்னது.

அந்தக் குடும்பங்கள் தீர்ப்புவரை தாங்கின. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும் நம்மால் தாங்க முடியாது. ஹோம் ஆபீஸிடம் ஒரு விலாசம், பள்ளியிடம் வேறு விலாசம் என்று இருந்தால் ‘இவர் சொல்வது எது உண்மை?’ என்ற கேள்வி வரும். நம் கேஸில் நம்மிடம் இருக்கும் ஒரே சொத்து நம் வார்த்தை. அதைப் பள்ளி இடத்துக்காகச் செலவழிக்காதீர்கள்.

பள்ளி உங்கள் நாட்டைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். 2016-ல் பள்ளிக் கணக்கெடுப்பில் பிறந்த நாடு, குடியுரிமை கேட்கத் தொடங்கினார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பி 2018-ல் நிறுத்தினார்கள். பிள்ளையின் வயதுக்கும் விலாசத்துக்கும் சான்று கேட்பது நியாயம். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் கையெழுத்துப் போடும் முன் எங்களிடமோ உங்கள் சொலிசிட்டரிடமோ காட்டுங்கள்.

கருத்து எழுதுவது எப்படி?

பெரிய ஆங்கிலம் தேவை இல்லை. ஐந்து வரி போதும். கோபமாக எழுதினால் பலன் குறைவு. உங்கள் தெருவில் நடப்பதைச் சொன்னால் பலன் அதிகம். மாதிரி:

‘நான் இந்தத் தெருவில் வசிக்கிறேன். எனக்கு 3 வயதிலும் 8 வயதிலும் பிள்ளைகள். பெரியவன் உங்கள் பள்ளியில் படிக்கிறான். புதிய எல்லைப்படி எங்கள் தெரு வெளியே போகிறது. புதிய பள்ளிக்குப் போக இரண்டு பேருந்து மாற வேண்டும், எங்களிடம் கார் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் விட என்னால் முடியாது. எங்கள் தெருவை எல்லைக்குள் வைக்க வேண்டும். முடியாவிட்டால் தம்பி தங்கைகளுக்கு முன்னுரிமையாவது தொடர வேண்டும்.’

இதை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றித் தமிழிலேயே எழுதிக் கொண்டுவாருங்கள். ஆங்கிலத்தில் மாற்றித் தருகிறோம். ஒரே கடிதத்தில் பத்துப் பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் தனித்தனியாக எழுதுவது நல்லது.

சுருக்கமாக

1. கவுன்சிலிலிருந்து வரைபடத்தோடு கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். கடைசித் தேதியை வட்டமிட்டு வையுங்கள்.
2. உங்கள் வீடு பழைய கோட்டில் எங்கே, புதிய கோட்டில் எங்கே என்று பாருங்கள். புரியாவிட்டால் கொண்டுவாருங்கள்.
3. படிக்கும் பிள்ளைக்கு ஆபத்தில்லை. அடுத்து சேரப்போகும் பிள்ளையைப் பற்றி யோசியுங்கள்.
4. எல்லைக்கு வெளியே இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கிடைக்கக்கூடிய பள்ளி ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்.
5. உண்மையான விலாசம் மட்டும்.
6. ஹோம் ஆபீஸ் வீடு மாற்றினால் அன்றே பள்ளிக்கும் கவுன்சிலுக்கும் எங்களுக்கும் சொல்லுங்கள்.
7. கருத்து எழுதுங்கள். ஐந்து வரியானாலும் சரி.

ஆலோசனைக்கு வரும்போது அந்தக் கடிதம், உங்கள் ஏ.ஆர்.சி. அட்டை, தற்போதைய விலாசம் உள்ள ஒரு காகிதம், பிள்ளைகளின் பிறந்த தேதிகள் ஆகியவற்றைக் கொண்டுவரவும். பர்மிய மொழியில் பேசுவது சுலபமாக இருந்தால் அப்படியே பேசலாம். கூட்டமாக இருக்கும் நாட்களில் கொஞ்சம் காத்திருக்க வேண்டி வரும், பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவது எடுத்து வாருங்கள்.